சம்பந்திக்குக் கொடுத்த அட்டை

எங்கள் அரியலூர்ப் பக்கத்தில் சிறுநீர் போவதில் யாருக்கு என்ன கோளாறு வந்தாலும் அதற்குப் பெயர் கல். பூமிக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதைத் தோண்டித்தான் சிமெண்ட் ஆக்குகிறார்கள், அந்தப் பூமியின் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், பிறகு உடம்பில் கல் வராமல் என்ன வரும் என்பது ஊரின் தீர்மானம். டீக்கடையில் நின்றபடி லேசாக இடுப்பைப் பிடித்தால் போதும், பக்கத்தில் நிற்பவர் "எத்தனை எம்.எம்.?" என்று கேட்பார். எனக்கு வந்தபோது நானும் கல் என்றே எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். வாழைத்தண்டு விற்கிற அம்மாவுக்கு நான் வாடிக்கையாளர் ஆனதைத் தவிர வேறு மாற்றம் ஒன்றும் ஏற்படவில்லை.

கடைசியில் திருச்சிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் கல் இல்லை என்றார். சிறுநீர்ப் பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கிற புராஸ்டேட் என்ற சுரப்பி வயதாக ஆகப் பெருத்து, சிறுநீர்க் குழாயை நெருக்குகிறது என்றார். பி.எஸ்.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார். அந்தச் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கசிகிற ஒரு பொருளின் அளவு அது. அளவு கூடினால் கேன்சராக இருக்கலாம், வெறும் வீக்கமாகவும் இருக்கலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டும். எனக்குப் பார்த்ததில் வெறும் வீக்கம்தான். இரண்டு மருந்து சேர்ந்த ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்று வழியைத் திறக்கும், மற்றது சுரப்பியை மெல்லச் சுருக்கும்.

எழுந்து வரும்போது கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"சார், இந்த மாத்திரை ஆறு மாசம் சாப்பிட்டா பி.எஸ்.ஏ. பாதியாத்தான் காட்டும். வர்ற நம்பரை ரெண்டால பெருக்கணும். யாரு ரத்தம் எடுத்தாலும் மாத்திரை சாப்பிடுறேன்னு சொல்லிடுங்க."

இதை நான் மறக்க வாய்ப்பே இல்லை. முப்பது வருடம் நான் பார்த்த வேலை நிலத்தடி நீர்மட்டம் அளப்பது. மாதத்துக்கு ஒரு முறை இரண்டு மாவட்டத்துக் கிணறுகளில் டேப்பை இறக்கி, தண்ணீர் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று நோட்டில் எழுதுவேன். குன்னம் பக்கம் மானாவாரிக் காடுகளில் நான் இறங்காத கிணறு குறைவு. அந்த வேலையில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது, பக்கத்தில் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அளக்க வேண்டும் என்பது. ஓடும்போது அளந்தால் நோட்டில் ஏறுகிற எண் பொய். டாக்டர் சொன்னது எனக்கு அப்படித்தான் புரிந்தது, நன்றாகவே புரிந்தது. இதைச் சொல்வது என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட இல்லை. தெரியாமல் செய்தேன் என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் ஒரே மகளைக் குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறேன். சம்பந்தி மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் போடுகிறவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். சம்பந்திகள் என்பவர்கள் ஒருவரை ஒருவர் உட்காரச் சொல்லிக்கொண்டே காலத்தைக் கழிக்கிறவர்கள். மழை பற்றிப் பேசலாம், வெங்காய விலை பற்றிப் பேசலாம், ஜாக்கிரதையாக அரசியல்கூடப் பேசலாம். உடம்பு பற்றி, அதிலும் இடுப்புக்குக் கீழே உள்ள உடம்பு பற்றிப் பேச வழியே கிடையாது.

பேத்திக்குக் காது குத்திய அன்று அந்த வழி தானாகத் திறந்தது. கோயில் மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. சம்பந்தி நான்கு தடவை எழுந்து மண்டபத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். தாய்மாமன் முறைக்காரர் மடியில் குழந்தையை உட்கார வைக்கிற நேரத்தில்கூட அவரைத் தேட வேண்டியதாயிற்று. ஐந்தாவது தடவை அவர் போனபோது அங்கே நானும் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அவரும் முடிக்கிறதாக இல்லை, நானும் முடிக்கிறதாக இல்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களுக்கும் கல்லுங்களா சம்பந்தி?" என்று கேட்டார்.

"கல்லு இல்லைங்க. வயசு" என்றேன்.

பையில் என் மாத்திரை அட்டை இருந்தது. அதில் ஒன்றிரண்டுதான் கிழித்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று போடுங்கள் என்று டாக்டர் மாதிரியே சொன்னேன். பெண் வீட்டிலிருந்து வருகிற சீரை வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை, அவர் வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். ஆறு மாதம் சாப்பிட்டால் எண் பாதியாகக் காட்டும் என்பதை நான் சொல்லவில்லை. ஓர் அட்டைதானே, அதற்கு எதற்கு இத்தனை விளக்கம் என்று நினைத்தேன்.

நம் ஊரில் மருந்துச் சீட்டு என்பது ஒரு தடவைக்குத்தான். அதற்குப் பிறகு காலி அட்டைதான் சீட்டு. பிரஷர் மாத்திரையும் தூக்க மாத்திரையும் காலி அட்டையைக் காட்டித்தான் வாங்குகிறோம். அட்டையின் ஓரத்தில் பெயர் தெரிகிற பகுதியைக் கிழிக்காமல் வைத்திருப்பது குடும்பத் தலைவிகளின் திறமைகளில் ஒன்று. சம்பந்தியும் பெரம்பலூரில் ஒரு மெடிக்கலில் காலி அட்டையை நீட்டினார். அவர்கள் கொடுத்தார்கள். மாதாமாதம் கொடுத்தார்கள். மருந்து அவருக்கு நன்றாகக் கேட்டது. தூக்கம் வந்தது, பஸ்ஸில் பயமில்லாமல் உட்கார முடிந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் டிராக்டர் சாவி மாட்டுகிற ஆணிக்குப் பின்னால் அட்டையை வைத்திருந்தார். அந்த மாத்திரையால் ஆண்மை விஷயத்தில் கொஞ்சம் மந்தம் வரும் என்று மெடிக்கல்காரர் சொல்லியிருக்கிறார், அதற்குப் பிறகு அதை வீட்டில் சொல்லும் உத்தேசமே அவருக்கு இல்லாமல் போனது. எனக்கு மட்டும் போனில் சொல்வார். "சீரு நல்லா வேலை செய்யுதுங்க" என்பார். நானும் சிரிப்பேன்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. மாசி மாதத்தில் அவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் வைத்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு பி.எஸ்.ஏ. பார்த்தார்கள். மாப்பிள்ளை அப்பாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போயிருக்கிறார். முடிவு வந்த அன்று என் மகள் போன் செய்தாள்.

"அப்பா, மாமாவுக்கு எல்லாம் நார்மல்ப்பா. அந்த பி.எஸ்.ஏ.கூட மூணு பாயிண்ட் ஒண்ணுதான். நாலுக்குள்ள இருந்தா பயம் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

மூன்று பாயிண்ட் ஒன்றின் இரண்டு மடங்கு ஆறு பாயிண்ட் இரண்டு. கணக்குப் போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"சந்தோஷம்மா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். மகளிடம் சொல்லச் சங்கடமாக இருந்தது சரி, அவருக்கே தனியாக ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கிடைத்தது. ஆறு பாயிண்ட் இரண்டு என்றால் கேன்சர் என்று அர்த்தமில்லை, என்னைப் போல வெறும் வீக்கமாக இருக்கலாம். அவர் தவறாமல் சாப்பிடுகிறாரோ என்னவோ. அறுவடை நேரம், இப்போது எதற்கு. இதெல்லாம் மேல்பூச்சு. உள்ளே இருந்தது பயம். ஏதாவது ஒன்று என்று ஆகிவிட்டால், மருமகளின் அப்பன் கொடுத்த மாத்திரையால் என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு எழும், என் மகள் அந்தப் பேச்சுக்கு நடுவே தினமும் சோறு வடிக்க வேண்டும் என்று பயந்தேன். ஒரு மனிதரின் உயிரை ஒரு பக்கமும் என் மகளின் காதில் விழப்போகும் சொல்லை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்து, நான்கு மாதம் சும்மா இருந்தேன்.

ஆனி மாதத்தில் என் சொந்தப் பரிசோதனைக்குத் திருச்சி போனேன். டாக்டர் என் எண்ணை இரண்டால் பெருக்கிக் காகிதத்தில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே வந்து அரியலூர் பஸ் ஏறவில்லை. பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். பாடாலூர் வந்தபோது இறங்கித் திரும்பிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது உண்மை. ஜன்னலோர இருக்கை, எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது. நல்ல காரியங்கள் சில சமயம் அந்த மாதிரியும் நடக்கின்றன.

சம்பந்தி வெங்காயப் பட்டறையில் இருந்தார். விதைக்கு வைத்திருக்கிற வெங்காயத்தைக் காற்றோட்டமாகப் படல் கட்டிச் சேமித்து வைக்கிற இடம் அது. குந்தி உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி! பஸ்லயா வந்தீங்க? போன் பண்ணியிருந்தா பய பைக்க எடுத்துட்டு வந்திருப்பானே. வூட்டுக்குப் போவோம், வாங்க."

"இங்கயே இருப்போம். உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

அவர் முகம் மாறியது. "புள்ளைக்கு எங்க வூட்டுல எதுனா குறையிங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த மாத்திரை இன்னும் சாப்பிடுறீங்களா?"

"ஒரு நாளு தவறலைங்க."

"முகாம்ல கேட்டாங்களா, என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு?"

"கேட்டாங்க. சுகரு இல்ல, பிரஷரு இல்லன்னு சொன்னேன். பக்கத்துல பய நிக்கிறான். இதைப் போயி எப்புடிங்க சொல்றது?"

நான் விஷயத்தைச் சொன்னேன். மாத்திரை எண்ணைப் பாதியாக்கும் என்று சொன்னபோது அவர் கையில் இருந்த வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப மோட்டாரு ஓடுறப்ப அளந்துட்டாங்கன்னு சொல்றீங்க" என்றார்.

முப்பது வருட சர்வீஸ் எனக்கு, அதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இது எப்போதிலிருந்து உங்களுக்குத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

திருச்சிக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "எனக்குன்னு சொன்னா வூடே ஒப்பாரி வச்சிரும். மாத்திரைக் கதையும் வெளிய வந்துரும். உங்களுக்குன்னு சொல்லிக்குவோம். நீங்கதான் ஏற்கனவே காட்டிக்கிட்டு இருக்கீங்களே. நான் தொணைக்கு வர்றதா இருக்கட்டும்."

அப்படித்தான் நான் நோயாளி ஆனேன். அவர் பெரம்பலூரிலிருந்து வருவார், நான் அரியலூரிலிருந்து போவேன், திருச்சி பஸ் ஸ்டாண்டில் சந்திப்போம். டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கதையைக் கேட்டார். "நான் உங்களுக்குத்தானே எழுதிக் குடுத்தேன்?" என்று என்னிடம் கேட்டார். அதற்கு மேல் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மறுபடி ரத்தம் எடுத்ததில் மூன்று பாயிண்ட் எட்டு. இந்த மாத்திரை சாப்பிடும்போது எண் இறங்கித்தான் இருக்க வேண்டும், சாப்பிட்டும் ஏறுகிறது என்றால் அதுவே ஒரு சேதி என்றார் டாக்டர்.

முன்பெல்லாம் சந்தேகம் வந்த உடனே ஊசியை எடுத்துக்கொண்டு சுரப்பியில் பன்னிரண்டு இடத்தில் உத்தேசமாகக் குத்திச் சதை எடுப்பார்களாம். இப்போது முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். எந்த இடம் சந்தேகம் என்று படம் சொல்கிறது, சந்தேகம் எவ்வளவு என்று ஐந்துக்கு இத்தனை என மார்க்கும் போடுகிறார்கள். சம்பந்திக்கு ஐந்துக்கு நான்கு. பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, குறிபார்த்து, அந்த இடத்திலேயே சதை எடுத்தார்கள். ஊசி போகிற வழியையும் மாற்றிவிட்டார்களாம், ஆசனவாய் வழியாகப் போகாமல் வெளித்தோல் வழியாகவே போகிறது, அதனால் கிருமித் தொற்று குறைவு.

முடிவு வந்தது. கேன்சர். நான்கும் மூன்றும் ஏழு என்று எழுதியிருந்தது. மூன்றும் நான்கும் ஏழு என்றும் ஒரு வகை உண்டு என்றும், அது இதைவிடச் சாது என்றும் டாக்டர் சொன்னார். கூட்டினால் ஒன்றுதான், எது முதலில் வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறதாம். சம்பந்தி அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டினார். பிறகு, "நாலு முன்னாடி வந்துருச்சு" என்று மட்டும் சொன்னார்.

இதற்கிடையில் இரண்டு வீட்டிலும் எனக்காக அழுகை நடந்துகொண்டிருந்தது. என் மனைவி சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டாள். சம்பந்தியம்மா எனக்குத் தெம்பு வர வேண்டும் என்று நாட்டுக்கோழி முட்டை கொடுத்தனுப்பினார். அந்த முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் உடையாமல், திருச்சி வரை பஸ்ஸில் கொண்டு வந்து கொடுத்தவர் சம்பந்தி. நோயாளி தூக்கி வர, நான் தின்றேன். மகள் தினமும் போன் செய்து, "தைரியமா இருங்கப்பா" என்று தைரியம் இல்லாத குரலில் சொல்வாள். அவளை அந்த அழுகையோடு விட்டுவிட்டுப் போனை வைப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. வைத்தேன்.

கடைசியாக ஒரு பெட் ஸ்கேன் சொன்னார்கள். அந்தக் கேன்சர் செல்களை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற ஒரு மருந்தை, கொஞ்சம் கதிர்வீச்சோடு சேர்த்து ஊசியில் ஏற்றுகிறார்கள். உடம்பில் எங்கெங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் படத்தில் வெளிச்சம் போடும். பரவியிருக்கிறதா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

வந்த முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்களைக் காக்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. சுரப்பியில் வெளிச்சம், பக்கத்தில் ஒரே ஒரு நெறிக்கட்டியில் ஒரு புள்ளி வெளிச்சம். எலும்பில் இல்லை. கதிர்வீச்சு கொடுத்தார்கள். முன்பு இரண்டு மாதம் இழுத்ததை இப்போது நான்கு வாரத்தில் முடிக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆண் ஹார்மோனை அடக்க ஓர் ஊசி, அதோடு தினமும் மாத்திரை. ஊசியால் அவருக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது. "உள்ளுக்குள்ள அடுப்பு எரியுதுங்க" என்று அவர் சொல்ல, சம்பந்தியம்மா விசிறியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "அம்பது வயசுல நாங்க சொன்னப்ப நம்புனீங்களா?" என்றார். இப்போது பி.எஸ்.ஏ. சுழியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. இந்தத் தடவை பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. அவர் இந்தப் பட்டத்துக்கும் சோளம் போட்டிருக்கிறார்.

நான் டாக்டரிடம் தனியாக ஒரு கேள்வி கேட்டேன். நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் அந்த நெறிக்கட்டிப் புள்ளி இருந்திருக்காதா என்று. "அதைச் சொல்ற ஸ்கேன் இன்னும் வரலைங்க" என்றார்.

நான் சொல்ல வந்தது ஸ்கேன் எடுத்த அன்று நடந்தது.

ஸ்கேன் முடிந்ததும் அங்கிருந்த நர்ஸ், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். இன்றைக்கு ஒரு நாள் சின்னக் குழந்தைகளையும் மாசமாக இருப்பவர்களையும் கிட்டத்தில் சேர்க்க வேண்டாம், கதிர்வீச்சு உடம்பை விட்டுப் போக நேரமாகும் என்றார். சம்பந்தி வீட்டில் பேத்தி இருக்கிறாள். மூன்றரை வயது, தாத்தாவின் தோளைவிட்டு இறங்காத பிள்ளை. அதனால் அன்று அவர் அரியலூரில் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. என் வீட்டில் என் மனைவியைத் தவிர யாரும் கிடையாது. நன்றாகத்தான் திட்டம் போட்டிருந்தோம்.

மாலை நாலரைக்கு ஆட்டோவில் போய் வாசலில் இறங்கினோம். கதவைத் திறந்தவள் என் மகள். அப்பாவுக்குப் பெரிய ஸ்கேன் ஆயிற்றே, வீட்டில் அம்மா தனியாக என்ன செய்வாள் என்று மாப்பிள்ளையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மதியமே வந்துவிட்டாளாம். போனில் தேடிப் படித்தும் வைத்திருக்கிறாள். குழந்தை ஓடி வந்ததும் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து நிறுத்தினாள்.

"அரியலூர்த் தாத்தாகிட்ட இன்னைக்குப் போவக் கூடாதுன்னு சொன்னேன்ல? தாத்தாவுக்கு ஊசி போட்டிருக்காங்க. நாளைக்குத்தான். உன் தாத்தாகிட்ட போ, போ."

கையை விட்டாள். குழந்தை அவரை நோக்கி ஓடியது.

சம்பந்தி படியிலிருந்து பின்னாலேயே தெருவில் இறங்கினார். ஒரு செருப்பு படியிலேயே நின்றுவிட்டது. "நில்லு ஆயி, வராத, வராத" என்றார். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு இன்னும் வேகமாக வந்தது. அவர் ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அறுபத்தைந்து வயது மனிதர், ஒற்றைச் செருப்போடு, தன் பேத்தியிடமிருந்து ஓடினார். நான் மரம் மாதிரி நின்றேன்.

"புள்ளையப் புடிம்மா!" என்று அவர் கத்தினார். "ஊசி போட்டது எனக்கு!"

மாப்பிள்ளை போய்க் குழந்தையைத் தூக்கினார். ஆட்டோக்காரர் புரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். நடுவில் இருந்த மறைப்பு போய்விட்டது. தெருவின் அந்த ஓரத்தில் அவர், இந்த வாசலில் நாங்கள்.

"என்னப்பா சொல்றீங்க?" என்றார் மாப்பிள்ளை. "முகாம்ல நார்மல்னு வந்துச்சே?"

"மாத்திரை ஒண்ணு தின்னுக்கிட்டு இருந்தேன்டா. அதுல பாதியாக் காட்டிருச்சு."

"என்ன மாத்திரை? யாரு குடுத்தா?"

"கடையில கேட்டு வாங்குனேன்" என்றார் சம்பந்தி. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பேசாமல் இருங்கள் என்பதைத் தவிர அந்தப் பார்வையில் வேறொன்றும் இல்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். அவர் எனக்காக வழியை அடைத்துக் கொடுத்துவிட்டார். முதலில் எனக்கு வந்தது நிம்மதி, அதை மறைக்க மாட்டேன். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவைத் தாங்க முடியாத வெட்கம் பின்னாலேயே வந்தது.

"முதல் அட்டையைக் குடுத்தது நான்" என்றேன். "முகாம் முடிவு வந்த அன்னைக்கே அது பாதிதான்னு எனக்குத் தெரியும்."

என் மகள் என்னைப் பார்த்தாள். "மாசியிலயேவாப்பா?"

"ஆமாம்மா."

"நான்தானப்பா போன்ல சொன்னேன். மாமாவுக்கு நார்மல்னு. நீங்க சந்தோஷம்னீங்க."

"அந்த வூட்டுல உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னுதாம்மா..."

"மாமா என்னைக்குப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்காரு?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்துகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து சம்பந்தி பேசினார். மாசி என்ற சொல் அவருக்கும் அப்போதுதான் காதில் விழுந்திருக்கிறது.

"விடும்மா. அவரு வந்து சொல்லலன்னா நான் இன்னும் நார்மலுதான். நார்மலாவே போயிச் சேர்ந்திருப்பேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவரை மாடி அறைக்கு அனுப்பினோம். என் மகள் தட்டில் இட்லியும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு, தள்ளி நின்று, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒரு தடவை அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இறங்கி வந்து, அடுப்படி வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.

நான் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் உடம்பில் ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். குழந்தை தாயின் முதுகில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "வாடா கண்ணு" என்று கையை நீட்டினேன். அது ஓர் அடி எடுத்து வைத்தது. பிறகு மதியம் முழுக்கச் சொல்லி வைத்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, நின்று, அம்மாவின் முகத்தைப் பார்த்தது, போகலாமா என்று கேட்கிற மாதிரி.

என் மகள் வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. போ என்று அவள் சொல்லவில்லை.